கழுவிய கல்

கோபக்காரிக்கு,

உன் அக்கா வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?

பாப்பா கேட்டு நச்சரித்த கடல்நீர் மீன்தொட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டேன். மீன் இன்னும் வாங்கவில்லை. முதலில் கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல்லைப் போட வேண்டுமாம். அதன் துளைகளில் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கும் உயிர்கள்தான் தண்ணீரைச் சுத்தமாக வைக்குமாம்.

வாங்கி வந்த கல் நாறியது. உனக்குத்தான் என்னைத் தெரியுமே. குழாயடியில் வைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, பளிச்சென்று ஆக்கிவிட்டேன்.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "குழாத் தண்ணி பட்டா அதுல இருக்கிற உசுரெல்லாம் போயிடும் சார். இனிமே அது வெறும் கல்லுதான்."

பாப்பா நம்மை விட்டுப் போன மறுநாள், அவள் துணிகளையெல்லாம் நான் துவைத்துக் காயப்போட்டதற்கு நீ ஏன் அப்படிக் கத்தினாய் என்பது அந்தக் கடையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது கல்லைக் கழுவவில்லை. இன்று அதன் பொந்திலிருந்து நூல் மாதிரி ஒரு புழு எட்டிப் பார்த்தது. கூப்பிட்டுக் காட்ட வீட்டில் ஆளில்லை.

பீரோவுக்குப் பின்னால் அவளுடைய மஞ்சள் ஸ்வெட்டர் விழுந்து கிடந்தது. அன்று என் கையில் சிக்காமல் தப்பித்திருக்கிறது. அப்படியே பையில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். நான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருக்கிற கொஞ்சம் வாசனையும் உனக்குத்தான்.

இப்படிக்கு,
உன் சுத்தக்காரன்