கஞ்சி போட்ட சட்டை

மயிலம் முருகன் துணை

கூட்டேரிப்பட்டு,
20-1-1959

அன்புள்ள மாமாவுக்கு,

கெங்கம்மாள் வணங்கி எழுதுவது. இங்கே நானும் அத்தையும் சுகம். நெய்வேலியில் உங்கள் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று கண்ணையன் வந்து சொன்னான். அதனால் அதை நான் கேட்கவில்லை.

மார்கழியில் விதைத்த மல்லாட்டைக் கடலை நன்றாக முளைத்திருக்கிறது. அத்தையின் மூட்டுவலிக்குத் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் தைலம் கொடுத்தார்கள். மாட்டுப் பொங்கலுக்கு எருமைக் கொம்புக்கு நானே காவி பூசினேன். உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதே சுரங்கத்தில் வேலை செய்யும் கண்ணையனுக்கு மட்டும் எப்படிக் கிடைத்ததோ தெரியவில்லை.

நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் இருதயமேரியைப் பற்றி நான் கேட்டதற்கு நீளமாகப் பதில் எழுதியிருந்தீர்கள். அந்த அம்மாள் உங்களுக்குச் சோறு போடுகிறாள், நீங்கள் அவளுக்குக் கூரை மாற்றி, விறகு பிளந்து கொடுக்கிறீர்கள். எருமை முதுகில் மைனா உட்கார்ந்து உண்ணி பொறுக்குவது போலத்தான் இது, அதற்குத் தீனி, இதற்குச் சுகம், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சரி மாமா, இதில் நீங்கள் எருமையா, மைனாவா?

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து மேய்ச்சலில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மைனா வந்தால் எருமை காதைச் சாய்த்துக் கொடுக்கிறது. உள்ளே கொத்தக் கொத்தக் கண்ணை மூடிக்கொள்கிறது. உண்ணி பொறுக்கி முடித்த பிறகும் அந்த மைனா பறந்து போவதில்லை, முதுகிலேயே உட்கார்ந்திருக்கிறது. கல்லை எடுத்து வீசினேன்.

இப்போது சட்டை விஷயம். எருமைக்கு உங்கள் கைதான் பழக்கம். நீங்கள் போன நாள் முதல் உங்கள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பால் கறந்தேன். அந்த வியர்வை வாசனை இருந்தால்தான் அது சுரக்கும். சட்டை கிழிந்து நாராகிவிட்டதால், போட்டுக் கழற்றியது ஒன்றைக் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தேன். கண்ணையன் கொண்டுவந்து கொடுத்ததைப் பிரித்தால், வெளுத்துக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அழுக்குச் சட்டை ஊருக்குப் போனால் தனக்கு அவமானம் என்று அந்த அம்மாளே துவைத்தாளாம். “பட்டன்கூட அவங்களே தெச்சாங்க அண்ணி” என்று அவன் பெருமையாகச் சொன்னான்.

அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எருமை ஒருமுறை மோந்து பார்த்தது, அவ்வளவுதான். உதைத்த உதையில் சொம்பு வாசலில் போய் விழுந்தது. பக்கத்து வீட்டு முனியம்மாள் பார்த்துவிட்டு, “யார் கை பட்ட சட்டைனு மாட்டுக்கே தெரிஞ்சிபோச்சி, நீ ஏன்டி இன்னும் சும்மா இருந்துக்கினு கீற” என்றாள். சட்டையைக் கழற்றித் தொழுவத்திலேயே எறிந்துவிட்டேன்.

மறுநாள் டீக்கடைக்குப் பால் ஊற்ற வேண்டுமே. வேறு வழியில்லாமல் என் சேலையோடேயே உட்கார்ந்தேன். உதைக்கும் என்று சொம்பைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். உதைக்கவில்லை. என் கை பட்டதும் சுரந்துவிட்டது. உங்கள் சட்டைக்காகத்தான் பால் தருகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது எப்போதோ என் கைக்குப் பழகிவிட்டிருக்கிறது.

முனியம்மாள் சந்தோஷப்பட்டாள். எனக்குத்தான் பகீரென்றது. வேறு யார் கிட்டே போனாலும் முட்ட வந்த ஜீவன் அது. ஒரு வருஷத்துக்குள் இன்னொரு கைக்குப் பழகிவிட்டது. மனுஷனுக்கு எத்தனை நாளாகும் மாமா?

அந்த அம்மாள் நல்லவளாகவே இருக்கட்டும், கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அங்கே இருக்க வேண்டாம். கண்ணையன் தங்கியிருக்கும் கொட்டகையில் இன்னொரு பாய் போட இடமிருக்கிறதாம். சோறு வாய்க்கு விளங்காதாம், பரவாயில்லை. உடம்பு இளைத்து வந்தால் நான் தேற்றிக்கொள்கிறேன்.

மாசி மகத்துக்குக் கட்டாயம் வாருங்கள். அதற்கு முன்னால் யாராவது ஊர்ப்பக்கம் வந்தால், துவைக்காத சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். எருமைக்கு இனி அது வேண்டாம். எனக்குத்தான்.

முருகன் உங்களுக்குக் காவலாக இருக்கட்டும்.

உங்கள்
கெங்கம்மாள்