அசையாத வீடு

1970 ஜூலை 8
மூன்றாமாண்டு சிவில் வகுப்பில் அஸ்திவாரப் பாடம். "தரையோடு இறுகப் பிடித்த கட்டிடமே உறுதியான கட்டிடம்." பதினாலு வருடமாக மனப்பாடமாகச் சொல்லும் வாக்கியம், இன்று பாதியில் நின்றுவிட்டது. தொண்டை கட்டிக்கொண்டது என்று சமாளித்தேன். மாணவர்கள் நம்பிவிட்டார்கள்.

ஜூலை 19
நூலகத்தில் ஒரு வெளிநாட்டு சஞ்சிகை. பூகம்பத்தில் நொறுங்கிய ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்தை ரப்பர் கட்டைகள் மேல் கட்டியிருக்கிறார்களாம். தரை வெடுக்கென்று ஆடும்போது ரப்பர் நெளிந்து கொடுக்கும். மேலே கட்டிடம் மெதுவாக, முழுசாக நகர்ந்து திரும்பும். மூன்று முறை படித்தேன். தம்பி மரியப்பனுக்கு இது காலம் கடந்து வந்த சேதி.

ஜூலை 20
எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட இதுவரை எழுதியதில்லை.

தம்பி மரியப்பன் கொய்னா அணைக்கட்டில் ஓவர்சியர். 67 நவம்பரில் கடிதம் போட்டான்: "அடிக்கடி நிலம் உறுமுகிறது, அண்ணே. தகரக் கொட்டகையிலேயே இருக்கவா, கல் வீடு தருகிறார்கள், அங்கே போகவா?" நான் கல்லையும் சுண்ணாம்பையும் பார்த்து வளர்ந்த காரைக்குடிக்காரன்; போதாததற்குச் சிவில் வாத்தியார். கல் வீட்டுக்குப் போ என்று டிசம்பர் தொடக்கத்தில் பதில் போட்டேன். பதினொன்றாம் தேதி பூகம்பம். கல் வீடு அவன்மேல் விழுந்தது. கொட்டகை நின்றதாம்.

அவன் மனைவி அருளம்மாள் பிரசவத்துக்கு இங்கே வந்திருந்ததால் தப்பினாள். நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. சொல்லத் துணிச்சல் இல்லை. கோழை.

ஆகஸ்ட் 23
எந்த வீடு நிற்கும் என்று சோதிக்க ஆடும் மேசை தயார். கைப்பிடியைச் சுற்றினால் பலகை முன்னும் பின்னும் குலுங்கும். அதன்மேல் கொத்தனார் பூமிநாதன் சின்னச் செங்கல்லில் ஒரே அச்சாக இரண்டு வீடு கட்டுகிறார். ஒன்று பலகையோடு இறுகப் பிடித்தது. மற்றது லாரி டயர் துண்டையும் தகரத்தையும் மாற்றி மாற்றி ஒட்டிய கட்டைகள் மேல். அதைச் சுற்றிலும் தரைபோல ஒரு மரச் சட்டம். "வெளாட்டுச் சாமானுக்கு இம்புட்டு வேலையா சார்?" என்று சிரித்தார்.

செப்டம்பர் 14
இரண்டும் விழுந்தன. ஒன்றுபோலவே.

செப்டம்பர் 15
கல்லூரிக்குப் போகவில்லை.

செப்டம்பர் 17
இடிபாட்டைக் கிளறினேன். வீட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே நான் விடச் சொன்ன இரண்டு விரற்கடைச் சந்து எங்கே? அதில் கெட்டியான சுண்ணாம்பு. மேலே முட்டை வெள்ளைக்கரு போட்டு வழவழவென்று பூச்சு, முகம் பார்க்கலாம். பூமிநாதனைக் கூப்பிட்டுக் கத்திவிட்டேன்.

அவர் முகம் வாடிப்போயிற்று. "சந்து விட்டா பாக்குறவுக என்ன சொல்லுவாக சார்? பூமிநாதன் வேலையில ஓட்டைம்பாக. அதான் அடைச்சேன்."

நகர இடமில்லாமல் ரப்பர் வீடும் இறுகிப்போயிருக்கிறது. அவரை என்ன சொல்ல? நானும் இதே ஊர்தானே.

அக்டோபர் 26
மறுபடி இரண்டு வீடுகள். சந்து இருக்கிறது. பூமிநாதன் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை.

டிசம்பர் 11
காலையில் மாதா கோயிலில் மரியப்பனுக்கு மூன்றாம் ஆண்டு நினைவுப் பூசை. கோயில் வாசலில் அருளம்மாள் கேட்டாள்: "வீட்டை ஆட்டிப் பாக்குறீகளாமே அத்தான். நானும் பாக்கணும்."

பூமிநாதன் கைப்பிடியைச் சுற்றினார். இறுகப் பிடித்த வீட்டில் முதலில் மூலையில் கீறல். பிறகு சுவர் வெளியே சாய, கூரை உள்ளே இறங்கியது. ரப்பர் வீடு சந்துக்குள் மொத்தமாகப் போய்ப் போய் வந்தது. நின்றது. ஒரு செங்கல் பெயரவில்லை.

அவள் விழுந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. "நான்தாம்மா அவனக் கல் வீட்டுக்குப் போகச் சொல்லி எழுதுனேன்."

"எப்ப எழுதுனீக?" என்று மட்டும் கேட்டாள். போய்விட்டாள்.

டிசம்பர் 12
அருளம்மாள் வந்தாள். கையில் மரியப்பனுக்கு நான் போட்ட இன்லண்டு கடிதம். ஒட்டுப் பிரிக்கவே இல்லை.

"அவுக பெட்டியோட வந்துச்சு. உங்க கையெழுத்து. பிரிக்க மனசு வரல, வச்சிருந்தேன்."

கொய்னா தபால் முத்திரையைக் காட்டினாள். 14-12-67.

"கொட்டகையில குளிரு தாங்கலன்னு அவுக ஒண்ணாந்தேதியே அந்த வீட்டுக்குப் போயிட்டாக. எனக்கு எழுதியிருந்தாக. மூணு வருசமா இதையா சொமந்துக்கிட்டுத் திரிஞ்சீக? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

அவள் முன்னாலேயே அழுதேன். அவன் இதைப் படிக்கவில்லை. சரி. ஆனால் கொட்டகையிலேயே இருந்து, இது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால்?

டிசம்பர் 15
இன்று பாடம் நடத்தவில்லை. வகுப்பில் கடிதத்தைப் பிரித்து வாசித்தேன். "கல் வீட்டுக்குப் போ. பாறையில் இறுகப் பிடித்த வீடு. அசையாது." இதில் எங்கே தப்பு என்று கேட்டேன். கனமான சுவர், நெளிந்து கொடுக்காத பிடிப்பு என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லாம் சரி.

மணி அடித்த பிறகு ஒருவன் எழுந்தான். "அத எழுதினது யாரு சார்?"

சொன்னேன்.