உங்க இஷ்டம்

எஞ்சின் அறை இரைச்சலுக்கு நடுவில் இருக்கும் என்னவருக்கு,

நானும் மகளும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. போன வாரம் போனில், "இன்னும் ஆறு மாசம் கப்பல்லயே இருக்கச் சொல்றாங்க, இருந்துடட்டுமா? நான் வந்தா உனக்கும் தொந்தரவுதானே" என்று கேட்டீர்கள். நான் "உங்க இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த இருபது வருடத்தில் நான் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். கட்டில் வாங்கும்போது சொன்னாலும் சரி, வீடு மாற்றும்போது சொன்னாலும் சரி, வேண்டாம் என்றுதான் அர்த்தம். ஆனால் இந்த முறை அதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொண்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்களே, அதற்குள் கிடைக்கட்டும் என்றுதான் இதை அடுத்த துறைமுகத்துக்கு அனுப்புகிறேன். போனில் என்றால் என் கோபம் முந்திக்கொள்ளும். உங்களுக்கும் சரியாக அப்போதுதான் சிக்னல் போகும்.

முதலில் ஒரு கூத்தைக் கேளுங்கள். எங்கள் தையல் கூடத்தில் நாற்பது நர்ஸ் சட்டைக்குக் கை வெட்ட வேண்டியிருந்தது. துணியை நாற்பது அடுக்காக விரித்து, கையின் அளவு அட்டையை ஒரு தடவை நேராகவும் ஒரு தடவை திருப்பியும் வைத்து வெட்டினால்தான் இடது, வலது இரண்டும் வரும். நான் இரண்டு தடவையும் நேராகவே வைத்துவிட்டேன். எண்பதும் இடக்கை! வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு, பத்தொன்பது வருடமாகக் கத்தரி பிடிப்பவள் செய்திருக்கிறேன். சூப்பர்வைசர் ஒரு கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, நோயாளிய ஒரு பக்கமாத்தான் தூக்கணுமா?" என்றார். அன்றிலிருந்து அங்கே என் பெயர் இடக்கைக்காரி.

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதது துணிக்காக இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் கத்தரி என்ற வார்த்தையே வாயில் வராமல், பக்கத்து மேசைக்காரியிடம் "அந்த வெட்டுறது, அதைக் குடு" என்று கேட்டிருந்தேன். புத்தி கலங்குகிறதோ என்று பயந்துவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை.

கண்டுபிடித்தது நம் மகள்தான். அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்காக. அவள் பதிலுக்குக் கத்தாமல் என் முகத்தையே பார்த்துவிட்டு, "அம்மா, நீ திட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உனக்குக் கழுத்தெல்லாம் சிவந்துடுது. முதல்ல சூடு வருது, அப்புறம்தான் கோவம் வருது. டாக்டர்கிட்ட போலாம் வா" என்றாள். பதினேழு வயதில் அவளுக்கு இருக்கிற பொறுமை நாற்பத்தாறில் எனக்கு இல்லை.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். மாதவிலக்கு இரண்டு மாதம் வராமல் இருந்து, மூன்றாம் மாதம் பத்து நாள் கொட்டியதைச் சொன்னேன். வராத மாதத்தில், இந்த வயதில் கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கி வந்ததையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நின்றுபோகும் வரை கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டு, பார்த்தது சரிதான் என்றார். மாதவிலக்கு ஒரேயடியாக நிற்பதற்கு முன்னால் சில வருடம் உடம்பு இப்படி ஏறி இறங்குமாம். சூடு, தூக்கமின்மை, மறதி, எரிச்சல் எல்லாம் அதில் அடக்கமாம். அதற்காக எல்லாவற்றையும் இதன் தலையிலேயே கட்டிவிடக்கூடாது என்று இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் அனுப்பினார். தினமும் நடப்பதைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்.

குறிக்க நோட்டு தேடினேன். நீங்கள் கொண்டுவந்து போட்ட எஞ்சின் அறைப் பதிவேடு ஒன்று எழுதாமல் கிடந்தது. நேரம், வெப்பம், அழுத்தம், பழுது, குறிப்பு என்று கட்டம் போட்டு வைத்திருந்தீர்களே, அதேதான். அதிலேயே எழுதினேன். "காலை பத்தேகால். வெப்பம்: மார்பிலிருந்து காது வரை. அழுத்தம்: சூப்பர்வைசர்." டாக்டரம்மா படித்துவிட்டு, தன் இருபது வருட அனுபவத்தில் இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதி வந்ததில்லை, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இரும்புச்சத்து மட்டும் குறைவு, மாத்திரை சாப்பிடுகிறேன். சாயங்காலத்துக்கு மேல் காபி இல்லை. காலையில் நடக்கிறேன். இரண்டு கிலோ எடையைத் தூக்கி இறக்குகிறேன், எலும்புக்கு நல்லதாம், நம் மகள் எண்ணிக்கை சொல்கிறாள். வெட்டுவதற்கு முன் அட்டையின் இரண்டு பக்கமும் சாக்பீஸால் இ, வ என்று எழுதிக்கொள்கிறேன். ஹார்மோன் மருந்து எடுக்கலாமா என்று அடுத்த மாதம் பேசி முடிவு செய்யலாம் என்றார். வீட்டுக்காரரையும் கூட்டி வரச் சொன்னார். கப்பலில் இருக்கிறார் என்று சொல்லவில்லை, சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இனி எழுத வேண்டியதுதான் கஷ்டம். போன தடவை நீங்கள் வந்திருந்தபோது, என் மேல் வைத்த கையைத் தட்டிவிட்டு, "தள்ளிப் படுங்க" என்றேன். மறுநாளிலிருந்து தையல் மெஷின் இருக்கும் அறையில் பாயைப் போட்டுக்கொண்டேன். நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. கம்பெனியிலிருந்து அழைப்பு என்று சொல்லி நான்கு நாள் முன்னதாகவே கிளம்பினீர்கள். அழைப்பு எதுவும் வரவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உங்கள் மேல் வெறுப்பு என்று நினைத்துக்கொண்டு போனீர்கள். வெறுப்பு இல்லைங்க. உடம்பு அடுப்பாக எரிந்தது. அதோடு, அந்த நெருக்கமும் வலித்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை, என்னமோ நான் செய்த குற்றம் போல மறைத்தேன். அதற்கும் களிம்பு இருக்கிறதாம், டாக்டரம்மா சாதாரணமாகச் சொல்லி எழுதிக்கொடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்காகவா இத்தனை மாதம் பேசாமல் இருந்தோம் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன். ஜன்னல் பக்கம் இனி எனக்கு, மின்விசிறி என்னைப் பார்த்து. போர்வை மட்டும் ஆளுக்கொன்று.

அந்த "உங்க இஷ்டம்" எனக்கே திரும்பி வரட்டும். என் இஷ்டம் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கையெழுத்துப் போடாதீர்கள். கிளம்பி வாருங்கள். வந்த பிறகும் எனக்குச் சூடு வரும், உங்கள் கையைத் தட்டிவிடுவேன். அப்போது சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து நிமிடம் பொறுத்து, மறுபடியும் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இடக்கைக்காரி