தானே கிளிப் மாட்டுற மெஷின்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன், வேளாவேளைக்குச் சாப்பிடுறேன். உங்க முதுகுவலி தேவலையா? தையல் மெஷின்லயே குனிஞ்சு கிடக்காதீங்க.

எங்க லேபுக்குப் புது மெஷின் வந்திருக்கும்மா, செம மாஸ்! நீங்க எலாஸ்டிக்கை இழுத்துப் பாத்துத் தைப்பீங்கல்ல, அதே மாதிரி இது இரும்புப் பட்டையை உடையுற வரைக்கும் இழுத்து, எவ்வளவு நீளுதுன்னு அளக்கும். அளக்குற கிளிப்பைத் தானே மாட்டி, பட்டை உடையுறதுக்குள்ள தானே கழட்டிடும். முன்னாடி அதை நாங்க கையாலதான் கழட்டுவோம். நேத்து அந்தப் பழக்கத்துல, மெஷின் ஓடுறப்பவே அதோட கண்ணாடிக் கதவைத் திறந்து கையை விட்டுட்டேன். மெஷின் டக்குனு நின்னு டெஸ்ட்டே வீணாப்போச்சு. என் வேலையும் போச்சுன்னு நினைச்சேன்.

லேப் பொறுப்பைப் பாக்குற அக்கா ஓடி வந்து என் கையைத்தான் புரட்டிப் பாத்தாங்க. "பட்டை வேற வெட்டிக்கலாம்டா, விரலை எங்க போய் வெட்டிட்டு வர்றது? இதைக் காப்பாத்தத்தானே மெஷினே வாங்கினோம்!"

இன்னிக்கு மெஷினை என்கிட்டயே விட்டுட்டாங்க. அவங்க நல்லா இருக்கணும்மா. அது வேலை பாக்குது, என் கை சும்மா இருக்கு, அதான் இந்த லெட்டர்.

உங்க கழுத்துல தொங்குற பழைய இஞ்ச் டேப்பை அனுப்புறீங்களா? இங்க கடையில புதுசு கிடைக்குது, ஆனா எனக்கு அதுதான் வேணும்.

கிளிப் கழண்டுடுச்சு, பட்டை இப்ப உடைஞ்சிடும். ஓடுறேன்!

உங்க பையன்