காந்தலூரில் எனக்கு வேர்த்த விவரம்

கொழிஞ்சாம்பாறை,
சித்திரை 11, வெள்ளி

அன்பு மகள் தமிழ்ப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம், மாடு சுகம், தென்னைகள் தண்ணீர் இல்லாமல் அரைச் சுகம், நீயும் மாப்பிள்ளை ஆனந்தகுமாரும் வயிற்றில் இருக்கும் சின்ன ஆளும் அந்தக் குளிரில் நல்லபடியாக இருக்க மாகாளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். என் சுகத்தைப் பற்றி மட்டும் ஒரு வரியில் எழுத முடியவில்லை, எனக்கே அது குழப்பமாக இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா முகத்தை முன்னால் நீட்டிவிடுகிறாள், திரையில் என் பங்குக்குத் தெரிவது ஒரு காதும் அரை மீசையும்தான். பரீது டீக்கடை நசீம் நாளை உங்கள் ஹெல்சின்கிக்கு வேலைக்குத் திரும்புகிறான், நேந்திரங்காய் வறுவலுக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன்.

போன ஞாயிறு அம்மா உன்னிடம் முட்டி வலி, பிரசவத்துக்கு வர முடியாது என்று சொன்னதும் நீ போனை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, சரி, இறங்கியது, ருசிக்கவில்லை. அவள் முட்டியில் ஒன்றும் இல்லை அம்மணி. நேற்றுக்கூடப் பக்கத்துத் தோட்டத்து ஆட்டை வரப்பு தாண்டி விரட்டினாள். அவள் வராததற்குக் காரணம் நான், இன்னும் சரியாகச் சொன்னால் என் வேர்வை.

தை மாதத்தில் டாக்டர் டின்டு, அந்தக் கோட்டயத்துப் பெண், என் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, அங்கிளே தினமும் முக்கால் மணிக்கூர் நடக்கணும் என்றது உனக்குத் தெரியும். உன் அம்மா அதோடு தன் சட்டம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். நடந்தா வேர்க்கோணுமுங்க, வேர்க்காட்டி அது நடையே இல்லீங்க, பனியனப் புழிஞ்சா சொட்டோணும் என்று. எந்த வீடியோவில் பார்த்தாளோ. நம் ஊர் வெயில்தான் உனக்குத் தெரியுமே, வாசல் கேட்டைத் திறப்பதற்குள் முதுகு நனைந்துவிடும். நான் நேராகப் பரீது கடைக்குப் போய்த் தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்து (சர்க்கரை போட்டதா என்று கேட்காதே) யார் வீட்டுப் பெண்ணை யார் பார்க்க வந்தார்கள் என்று தெரிந்துகொண்டு, சொட்டச் சொட்டத் திரும்புவேன். இன்னைக்கு நல்லா நடந்திருக்கீங்க என்று அம்மா மோர் கொடுப்பாள். பரீது மனைவி சௌதா ஒருநாள், அண்ணே, ரெண்டு மாசமா நீங்க இளைக்கல, எங்க பெஞ்சுதான் இளைக்குது என்று சொல்லியே விட்டாள். அது அம்மா காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள நான் பட்ட பாட்டில்தான் உண்மையான உடற்பயிற்சி இருந்தது.

பங்குனிக் கடைசியில் உன் மாமா சிவப்பிரகாஷ் மலை மேலே காந்தலூரில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான், ஒரு வாரம் தங்கினோம். அங்கே உட்கார ஒரு கடை இல்லை. அவனுடைய பூண்டுக் காடும் கோசுக் காடும் ஒன்றன் தலையில் ஒன்றாக ஏறிக்கொண்டே போகின்றன. வேறு வழியில்லாமல் விடிந்ததும் அவனோடு நிஜமாகவே மேலே ஏறி இறங்கினேன். கெண்டைக்கால் கெஞ்சியது, மூச்சு விசிலடித்தது, ஆனால் அந்தக் குளிரில் ஒரு பொட்டு வேர்வை வரவேண்டுமே. பனியனைத் தடவிப் பார்த்து அம்மா, எவன் கடையில உக்காந்துட்டு வாரீங்க, இஸ்திரி போட்டாப்பல இருக்குது என்றாள். இரண்டு மாதம் பொய் சொல்லி மோர் குடித்தவன், முதல்முதலாக உண்மை சொல்லித் திட்டு வாங்கினேன். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கோசுக் காட்டுத் தண்ணீர்க் குழாயில் பனியனை நனைத்துக்கொண்டு வந்தேன். அவள் ஒரு முறை மோந்து பார்த்தாள். வேர்வ இப்படியா நாறும், இது கோசு நாறுதுங்க என்றாள். மச்சான், உங்களுக்குக் கோசாட்ட வேர்க்குதா என்று சிவப்பிரகாஷ் சிரித்த சிரிப்பில் டீ அவன் மூக்கு வழியாக வந்தது.

மறுநாள் எனக்கு ரோசம். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இட்லி வேண்டாம் என்று வீம்பாக, தனியாக ஒன்றரை மணி நேரம் ஏறி இறங்கினேன். திரும்பி வந்து படியில் உட்கார்ந்ததும் வேர்த்தது பார், நெற்றி, கழுத்து, உள்ளங்கை எல்லாம் கொட்டியது. கை நடுங்கியது. ஆகா, ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன், உன் அப்பனுக்கு அவ்வளவுதான் புத்தி. அம்மாவைக் கூப்பிட்டேன். இன்னைக்கும் பைப்பா என்று சொல்லி, முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இல்லை என்று சொல்லப் பார்த்தேன், நாக்கு குழறியது. என்ன நினைத்தாளோ, பாதியில் திரும்பி வந்தாள். துடைத்த இடம் மறுபடி நனைந்திருந்தது. மறுபடி துடைத்தாள், மறுபடி நனைந்தது. பிரகாசு என்று அவள் போட்ட சத்தம் மலைக்கே கேட்டிருக்கும். மறையூர் வெல்லத்தில் ஒரு துண்டு என் வாய்க்குள் போனது. மூன்று மாதமாக என் கண்ணில் காட்டாத இனிப்பை அவளே கையால் ஊட்டினாள், ருசிதான் தெரியவில்லை. கால் மணி நேரத்தில் தெளிந்தேன். மறையூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு மலை ஏறினால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி இப்படித்தான் வேர்க்கும் என்றார்கள்.

ஊர் திரும்பும்போது பஸ் சின்னாறு காட்டைத் தாண்டும் வரை அவள் என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். உடுமலையில் இறங்கியபோதுதான், ரெண்டாவது தடவ நா திரும்பி வராமப் போயிருந்தா என்று கேட்டாள். இந்த மனுசனத் தனியா உட்டுப்போட்டு நா எங்க பிளேன் ஏறறது என்று அன்றே முடிவு செய்துவிட்டாள். அதை உன்னிடம் சொன்னால் அந்த நிலையில் நீ பயப்படுவாய் என்று முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் டின்டுவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேர்வை என்பது உடம்பு தன்னைத்தானே குளிர வைத்துக்கொள்வது, அவ்வளவுதானாம். கடையில் வேர்த்ததும் கணக்கில்லை, காந்தலூரில் வேர்க்காததும் கணக்கில்லை, நடந்தது மட்டும்தான் நடந்ததாம். நடக்கும்போது பேச வரணும், பாட்டுப் பாட வரக்கூடாது, அதுதான் அளவு அங்கிளே என்றது. நான் கட்டிலில் படுத்திருந்தாலே எனக்குப் பாட்டு வராதே, இதை வைத்து எதை அளப்பது. அம்மா வேர்த்தால் நல்லது என்றாள், மறையூரில் வேர்த்தால் ஆபத்து என்றார்கள், இந்தப் பெண் வேர்த்தாலும் ஒன்றுதான் வேர்க்காவிட்டாலும் ஒன்றுதான் என்கிறது. உங்கள் நாட்டிலோ சூடான அறைக்குள் சும்மா உட்கார்ந்து வேர்ப்பதற்கென்றே வீட்டுக்கு வீடு இடம் கட்டி வைத்திருக்கிறார்களாம், நசீம் சொன்னான். அவர்கள் பரீது கடைக்கு வந்திருந்தால் செலவு மிச்சம். நீ படித்தவள், விளக்கி எழுது.

டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, தினமும் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றையும் வாங்கச் சொன்னது. ஊசி என்றால் உன் அப்பனின் வீரம் ஊரறிந்தது. இத்தனை நாளாக அம்மாதான் குத்துவாள், நான் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்று காலை அவள் பால் கறக்கப் போயிருந்தபோது நானே குத்திக்கொண்டேன். மூன்று தரம் கண்ணை மூடிக் காற்றைத்தான் குத்தினேன், நான்காம் தரம் பட்டது. நூற்றிருபத்தொன்று. அவள் செம்போடு உள்ளே வந்து கருவியைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள், முந்தானை நுனியால் அந்த ரத்தப் பொட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பரணில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது, போய்ப் பார்த்தேன், பெரிய பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறாள். சுக்கு அங்க கெடைக்குமா, இங்கிருந்தே இடிச்சுக் கொண்டுபோகோணுமா, உங்க மகளக் கேட்டுச் சொல்லுங்க என்றாள்.

ஆகவே அம்மாவுக்கு நீ எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே. அவள் வாயால் வருகிறேன் என்று சொல்லும்வரை நீயாகக் கேட்கவும் கேட்காதே, கேட்டால் வீம்பு வந்துவிடும். காலையில் சாப்பிடாமல் எங்கும் கிளம்பாதே, இதை மட்டும் அனுபவப்பட்டவன் சொல்வதாக எடுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் வரப்போகும் உயிரும் நீண்ட ஆயுளோடு, குறைவில்லாமல் வாழ என் ஆசீர்வாதம். சுக்கு கிடைக்குமா என்று உடனே எழுது.

இப்படிக்கு,
விரலில் பஞ்சு வைத்துக்கொண்டு,
உன் அப்பா
ஈஸ்வரமூர்த்தி