உன் பங்கையும் நானே மென்றேன்

மச்சான்,

எழுத்து மேலும் கீழுமாகப் போகும், கோபித்துக்கொள்ளாதே. கோடு போட்ட கொப்பிதான். ஆனால் என் கை இன்னும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த நினைப்பிலேயே இருக்கிறது, கோட்டைக் கண்டால் சரித்து வெட்டப் பார்க்கிறது. 'ழ' எழுதி முடிக்க ஒரு மூச்சு போகிறது. இந்த நாலு வரிக்கே வெயில் வாசலை விட்டு இறங்கிவிட்டது. என்றாலும் எழுதுகிறேன் மச்சான், நான் எழுதுகிறேன்! பெருவிரலில் மை பூசிக்கொண்டு திரிந்த இரண்டு கிழவர்களில் ஒருவன் எழுதுகிறான். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு வகுப்பு வைக்கிறார்கள். குழந்தைகளின் குட்டி வாங்கில், முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்து படித்தேன். நீ பார்த்திருந்தால் சிரித்தே உன் பல் கழன்றிருக்கும்.

உன் பல்லைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

இன்று காலை குளிர் அதிகம். பசறைப் பக்கம் முழுக்கப் பனிமூட்டம். நீ போன பிறகு உன் கம்பளிக் கோட்டை உன் மகள் என்னிடம்தான் கொடுத்தாள். இன்றுதான் முதல் தடவையாக எடுத்துப் போட்டேன். உள்பையின் கிழிசலுக்குள் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. விரலை விட்டு எடுத்தேன். வெற்றிலைச் சுருள் மாதிரி மடித்த காகிதம். பிரித்ததும் அந்த மின்ட் வாசம். உள்ளே மென்று துப்பிக் காய்ந்துபோன சுவிங்கம். ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் நீலம். இரண்டும் கலக்கவே இல்லை.

பதுளையில் பல் இல்லாதவர்களை வைத்து ஆராய்ச்சி ஒன்று நடக்கிறது, சும்மாவே பல் கட்டிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நாம் பஸ் ஏறிய நாளை நினைத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒரு தாளை வைத்து அரை மணி நேரம் வாசித்துக் காட்டினார். நாம் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டுக் கைநாட்டு வைத்தோம். பாதிப் பேருக்குச் சாதாரணக் கட்டுப்பல். மீதிப் பேருக்குக் கீழ்த்தாடை எலும்பில் இரண்டு திருகாணி இறக்கி, அதன்மேல் டக்கென்று பூட்டுகிற பல். எது அதிகம் உதவுகிறது என்று பார்க்கத்தான் ஆராய்ச்சி. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. டொக்டரம்மா அதைத் தூக்கிக் காட்டினார்.

"நான் தெரிவு செய்யேலாது ஐயா. உறைக்குள்ள என்ன கிடக்கோ அதுதான்."

எனக்குத் திருகாணி வந்தது. உனக்குச் சாதாரணம். பல் கட்டி முடிந்து திரும்பும்போது பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னாய்: "இவனுக்கு ஆணி அடிச்ச பல்லு, எனக்கு ஆட்டம் போடுற பல்லு. பொறந்த நேரம் அப்புடி!"

மாதம் ஒரு தடவை பரீட்சை. இரண்டு நிற சுவிங்கத்தை ஒட்டிக் கொடுப்பார்கள். இருபது தடவை மென்று சின்னப் பையில் துப்ப வேண்டும். நன்றாக மென்றால் இரண்டும் கலந்து ஊதாவாகிவிடும். முதல் மாதம் என்னுடையது கத்தரிக்காய் நிறம். உன்னுடையது நீ இடுப்பில் கட்டும் கோடு போட்ட சாரம் மாதிரி. உன் கீழ்ப்பல் நாக்கோடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருந்தது. டொக்டரம்மா அந்தப் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டார்.

அதுதான் உன்னைப் பயமுறுத்தியது. பஸ் நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"மச்சான், அரப்பேரு போட்டுட்டாங்கடா."

"போடா. இது என்ன கொழுந்தா?"

"கொழுந்து கொறஞ்சாலும் இப்புடித்தான் பேசாம எழுதுவாங்க. அடுத்த தடவையும் கொறஞ்சா பல்ல திருப்பிக் கேப்பாங்க. பாத்துக்கிட்டே இரு."

கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். நம் இருவருக்கும் உலகத்தில் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். அதற்கு மருந்தும் தோட்டத்திலேயே இருந்தது. கூடை குறைந்தவளுக்குப் பக்கத்து நிரைக்காரி ஒரு கை கொழுந்து அள்ளிப் போடுவாள். அதைப் பொய் என்று நம் லயத்தில் யாரும் சொன்னதில்லை.

இரண்டாம் மாதம் கிளினிக்கில் நல்ல கூட்டம். "வெளிய வாங்கில இருந்து சப்பிப்போட்டுக் கொண்டு வாங்கோ" என்று அனுப்பினார்கள். என்னுடையதை மென்று துப்பினேன். பிறகு உன் கையில் இருந்ததை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். நீ விரல் மடக்கி இருபது எண்ணினாய்.

"போதும் மச்சான், நிறுத்து. ரொம்ப அரைச்சா சந்தேகம் வந்துரும்."

நாம் சிரித்த சிரிப்பு! அதன் பிறகு மாதா மாதம் உன் கூடையில் நான் ஒரு கை போட்டேன்.

டொக்டரம்மாவுக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. "இப்ப பழகீட்டுது, என்ன ஐயா? ரொட்டி, கச்சான் எல்லாம் சாப்பிட ஏலுதோ?"

"எல்லாம் சாப்புடுறேங்க. எலும்பே கடிக்கிறேங்க."

பக்கத்தில் இருந்து நானும் தலையாட்டினேன். நீ பல்லைக் கழற்றி வைத்துவிட்டு ரொட்டியைத் தேத்தண்ணீரில் ஊறவைத்து விழுங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த நான். பிறகு ரொட்டியும் நின்று வெறும் தேத்தண்ணீராகியது. உனக்கு அளவாக இருந்த இந்தக் கோட்டு, ஆணியில் மாட்டியது போல உன்மேல் தொங்கியது. கேட்டால் "வயசுடா" என்றாய். நானும் அதையே நம்ப விரும்பினேன்.

மழை மாதத்தில் காய்ச்சல் வந்தது. அதைத் தாங்க உன் உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. உன்னைக் கிடத்தியிருந்தபோது, கன்னம் ஒட்டிக்கிடக்கிறதே என்று உன் மகள் பல்லைத் தேடினாள். பால்மா டின்னுக்குள், கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாய். வாங்கிய அன்று போலப் புதிதாக இருந்தது. ஒரு வெற்றிலைக் கறைகூட இல்லை.

அடுத்த பரீட்சைத் தவணைக்குத் தனியாகப் போனேன். டொக்டரம்மா கண் கலங்கினார். "சாதாரணப் பல்லுக் கட்டினவையில அவர்தான் ஐயா நல்லாய்ச் சப்பினவர்" என்றார். நான் என் சுவிங்கத்தை மட்டும் மென்று கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

அப்படியே இருந்திருப்பேன். படிப்பு வந்துதான் என்னை விடவில்லை. போன கிழமை, அன்று நாம் கைநாட்டு வைத்த தாளின் பிரதியை எடுத்தேன். டீச்சர் கொடுக்காத ஒன்றை நானாக வாசிக்க வேண்டும் என்று ஆசை. 'பல்' என்ற சொல்லை முதலில் கண்டுபிடித்தேன். எத்தனை சந்தோஷம்! தாள் முழுக்கப் பல். மூன்று நாள் எழுத்துக் கூட்டினேன். ஓரிடத்தில் இப்படி இருந்தது: "ஆய்விலிருந்து விலகினாலும் பற்கள் உங்களுக்கே சொந்தம்." அதற்குக் கீழே: "ஆறாம் மாதப் பரீட்சையில் மெல்ல இயலாதவர்களுக்குத் திருகாணிப் பற்கள் இலவசமாகப் பொருத்தப்படும்."

ஆறாம் மாதம் நான் உனக்காக மிக நன்றாக மென்றேன் மச்சான். அந்த நிறம்கூட நினைவிருக்கிறது. நல்ல ஊதா.

இன்று இந்தச் சுவிங்கம். எனக்குத் தெரியாமல் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, உன் காம்பராவில் தனியாகப் பழகிப் பார்த்திருக்கிறாய். எத்தனை இருபது எண்ணினாயோ.

என் வாய் எல்லாவற்றையும் மெல்லுகிறது. எதைக் கடித்தாலும் நீ விரல் மடக்குவது தெரிகிறது. இருபதுக்கு மேல் என்னால் மெல்ல முடிவதில்லை, விழுங்கிவிடுகிறேன். டொக்டரம்மாவின் கொப்பியிலோ நீ இன்னும் நன்றாக மென்றுகொண்டிருக்கிறாய். அதை நம்பி இன்னும் எத்தனை பேருக்கு ஆடும் பல்லே போதும் என்று சொல்வார்களோ.

வருகிற வியாழன் என் தவணை. வாயால் சொல்லப் போனால் "நல்லா இருக்குங்க" என்றுதான் வரும். அதனால் வேறு தாளில் எழுதி வைத்துவிட்டேன்: "அம்மா, அவர் மெல்லவில்லை. நான்தான் மென்றேன்." ஐந்து சொல்லுக்கு மனம் வர இரண்டு நாள் ஆயிற்று. உன் சுவிங்கத்தையும் அந்தச் சின்னப் பை ஒன்றில் போட்டுக் கொடுக்கப் போகிறேன். உன் பரீட்சை அதுதான்.

என் பல்லைத் திருப்பிக் கேட்டால்கூட மனம் ஆறும். கேட்க மாட்டார்கள். தாளில் போட்டிருக்கிறது.

டொக்டரம்மா என்ன சொன்னார் என்று அடுத்த கிழமை உனக்கு எழுதுவேன். ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டார் என்றால், அதையும் எழுதுவேன்.