சங்கு சரியாகத்தான் ஊதியது, பெரியப்பா

என் அன்புப் பெரியப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி நான்கு மாதம் ஆகிறது. உங்களிடம் நேரில் நான் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் இந்தத் தாளில் பாதி நிரம்பாது. கொழும்பிலிருந்து நீங்கள் வரும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்றவள் நான். இப்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பதால்தான் எழுத வருகிறதோ என்னவோ.

அப்பாவுக்கு இருமல் குறையவில்லை. அம்மா எழுந்து நடக்கிறார், ஆனால் மலைக்கு ஏறிக் கொழுந்தெடுக்க முடியாது. நான் இன்னும் புள்ளைக் காம்பராவில்தான் இருக்கிறேன். வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள், மாலைவரை பார்த்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றபோது, "திரும்பப் போறியாம்மா?" என்று நீங்கள் கேட்டீர்கள். தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றா, இல்லை என்றா? எனக்கே தெரியாது.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து மின் பொறியியலாளர் ஆனவர் என்று உங்களைக் காட்டித்தான் இங்கே பிள்ளைகளைப் படிக்கச் சொல்வார்கள். எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தபோது நீங்களே ஏணி போட்டு ஏறினீர்களாம். வீடு வீடாக நுழைந்து, "எங்க ஷாக் அடிக்குது, காட்டுங்க" என்று கேட்டீர்களாம். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்போது அவருக்குப் பத்து வயது. உங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

பிறகு அரசாங்கத்துக்கு அறிவியல் ஆலோசகர் ஆனீர்கள். "எங்க அண்ணன் மந்திரிக்கே யோசன சொல்றவரு" என்று அப்பா லுணுகலைக் கடையில் பெருமை பேசினால், கடைக்கார நானா விடமாட்டார். "அப்ப நம்ம ரோட்ட போடச் சொல்லி ஒரு யோசன சொல்லச் சொல்லுங்களேன்" என்பார். அப்பாவும் சிரித்துவிடுவார்.

மலையில் மழைமானி வைப்பது உங்கள் யோசனை. மழை அளவு மீறினால் ஸ்டோர் என்று நாம் சொல்லும் தேயிலை ஆலையில் இருக்கும் பழைய சங்கு தானாக ஊத வேண்டும். எல்லா லயங்களுக்கும் கேட்கிற சங்கு இருக்கும்போது புதிது எதற்கு என்றீர்கள். ஒரு முறை ஊதினால் வழக்கம்போல், களத்தில் கூடி வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டு. மூன்று முறை ஊதினால் மண் சரியப்போகிறது, எல்லோரும் எதிர் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்து இதை விளக்கினீர்கள். "யாருக்காச்சும் ஏதாச்சும் கேக்கணுமா?" என்றீர்கள். "மூணு தடவ ஊதுனா மூணு நாள் சம்பளத்துக்குப் பேர் போடுவாங்களா, சார்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். மண்டபமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்குச் சொல்ல இருந்தது, பெரியப்பா.

கூட்டத்துக்கு முதல் நாள் நீங்கள் சங்கைச் சோதித்துப் பார்த்தபோது நான் புள்ளைக் காம்பராவில் இருந்தேன். மூன்று முறைதான் ஊதியது. செல்வி அக்காவின் மகள் தர்ஷி, மூன்று வயதுப் பிள்ளை, தட்டை வைத்துவிட்டு எழுந்து, "அம்மா பெரட்டுக்குப் போறாங்க!" என்று கத்தினாள். மற்றப் பிள்ளைகளும் கத்தினார்கள். ஒன்றா மூன்றா என்று எந்தப் பிள்ளையும் எண்ணவில்லை. இந்தத் தோட்டத்தில் சங்கு ஊதினால் கால்கள் பெரட்டுக் களத்துக்குத்தான் போகும். பேச்சு வருவதற்கு முன்பே எங்களுக்கு அது பழகிவிடுகிறது. அந்தக் களமோ மலைக்கு நேர் கீழே இருக்கிறது.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தீர்கள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் தேத்தண்ணியை நானே எடுத்துக்கொண்டு வந்தேன். "என்னம்மா?" என்றீர்கள். "சீனி போதுமா பெரியப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். மந்திரிக்கு யோசனை சொல்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். ஒத்திகையும் நன்றாகவே நடந்தது. பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை, எல்லோருக்கும் முன்பே சொல்லி வைத்து, வழி நெடுகக் கொடி பிடித்து.

அந்தக் காலையில் கொடி இல்லை. மூன்று நாள் விடாத மழை, பனிமூட்டம். சங்கு ஊதியது. "இந்த மழையிலயும் பெரட்டா? இவனுங்களுக்கு மனசே இல்லையா?" என்று ஏசிக்கொண்டே செல்வி அக்கா தர்ஷியை என் கையில் கொடுத்தார். மழைக்குப் படங்குத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். இரண்டாவது முறை ஊதும்போது அவர் பாதி வழியில் இருந்தார். "அக்கா!" என்று கூப்பிட்டேன். என் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது ஊதல் முடிந்து கொஞ்ச நேரத்தில் மலை பெரட்டுக் களத்தின்மேல் இறங்கியது. அங்கே நின்றவர்களில் செல்வி அக்காவும் ஒருவர்.

மறுநாள் வந்தீர்கள். பெரட்டுக் களம் இருந்த இடத்தில் சேற்றில் நின்று, "ஏன்டா எல்லாரும் இங்க வந்தாங்க?" என்று அப்பாவிடம் கேட்டீர்கள். "பயத்துல ஓடியாந்திருப்பாங்க அண்ணே" என்றார் அப்பா. நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். மக்கள் பதற்றத்தில் வழி தவறிவிட்டார்கள் என்று அறிக்கை எழுதினீர்கள். யாரும் பதறவில்லை, பெரியப்பா. செல்வி அக்கா ஏசிக்கொண்டுதான் போனார்.

கடைசி வாரங்களில் நீங்கள் அந்தச் சங்கின் வயரிங் படத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்ததாகப் பெரியம்மா சொன்னார். எங்கே பிழை என்று தேடினீர்களாம். வயரில் பிழை இல்லை. லயத்தில் பிறந்தவர் நீங்கள். உங்கள் அம்மாவும் அந்தச் சங்குக்குத்தானே ஓடினார்? எப்படி மறந்தீர்கள்? யாரைக் கேட்டிருந்தால் நினைவு வந்திருக்கும்?

போன வாரம் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். "சேரின்ர திட்டத்தை லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் கொண்டு போகப் போறம். அங்கையும் ஸ்டோர்ச் சங்குகள் நல்லா வேலை செய்யுது. இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினால் போதும்" என்றார். உங்கள் பெயரையே திட்டத்துக்கு வைக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை பதுளையில் கூட்டம், குடும்பத்தோடு வரச் சொன்னார். அப்பா அழுதுவிட்டார்.

அவர் போனபின் நான் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா முதலில் நம்பவில்லை. பிறகு, "செத்த மனுசன கொற சொல்லப் போறியா? நம்ம சனத்துல மேல வந்தது அவரு ஒருத்தருதான். அந்தப் பேரையும் அழிச்சிட்டு வருவியா?" என்றார்.

அம்மா வேறொன்று கேட்டார். "தெரிஞ்சுக்கிட்டே ஏன்டி வாயத் தொறக்கல?"

செல்வி அக்காவின் புருஷனும் அதைத்தான் கேட்பார். தோட்டமே கேட்கும். இப்போது பெரட்டை மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். சங்கு மட்டும் அதே சங்கு. ஒவ்வொரு காலையும் அது ஊதும்போது தர்ஷி என் மடியில் இருந்துகொண்டு, "அம்மா பெரட்டுக்குப் போறாங்க" என்கிறாள். "ஆமா" என்கிறேன். வேறு என்ன சொல்வது?

பெரியப்பா, வெள்ளிக்கிழமை நான் பதுளைக்குப் போகிறேன். வேலைக்குக் கூப்பிடுகிற சங்கால் ஆபத்தைச் சொல்லாதீர்கள் என்று அந்த அதிகாரியிடம் சொல்வேன். உங்கள் யோசனையில் பிழை இருந்தது என்றும், அது எனக்குத் தெரிந்திருந்தது என்றும் சொல்வேன். இரண்டில் ஒன்றையும் விடமாட்டேன். அங்கே போய் எனக்குக் குரல் வராவிட்டால் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொல்வேன். அதனால்தான் எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

உங்கள் தம்பி மகள்,
கௌசல்யா